அழுத்தமானி காட்டுவது சரிதானா?

களத்துமேட்டில் நெல் மூட்டையை எடை போடும்போது, தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பார்க்காத விவசாயி இல்லை. மூட்டைக்கு அரைக் கிலோ குறைந்தாலும் கையால் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். அதே விவசாயியின் பம்புசெட் கொட்டகையில், சொட்டுநீர்ப் பாசனக் குழாயின் மேல் கடிகாரம் போன்ற ஒரு வட்டமான கருவி இருக்கும். கடைகளில் பிரஷர் கேஜ் என்று கேட்டு வாங்கும் அழுத்தமானி அது. பொருத்திய நாளிலிருந்து பெரும்பாலும் யாரும் அதைச் சோதித்திருக்க மாட்டார்கள். கண்ணாடி மங்கிப் போயிருக்கும். மோட்டார் நின்ற பிறகும் முள் பூஜ்யத்துக்கு வராமல் எங்கோ நின்றுகொண்டிருக்கும். ஆனால் அந்த முள் காட்டும் எண்ணை நம்பித்தான் வால்வு திறக்கப்படுகிறது, உரம் விடப்படுகிறது, வடிகட்டி கழுவப்படுகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம், செய்யூர்ப் பகுதியின் தர்பூசணி வயல்களிலும், கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையிலான கடற்கரை மணல் நிலங்களிலும் இது சிறிய விஷயம் அன்று. மணற்பாங்கான நிலம் நீரைப் பிடித்து வைத்துக் கொள்ளாது. களிமண் நிலத்தில் ஒரு நாள் நீர் குறைந்தால் பயிர் தாங்கிக் கொள்ளும். மணலில் இரண்டே நாளில் கொடி வாடிவிடும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் அளித்துச் சொட்டுநீர்ப் பாசனம் அமைத்துத் தரப்படுகிறது. மானியத்தில் வந்த குழாய்களும் வடிகட்டியும் சரியாக வேலை செய்கின்றனவா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி இந்த அழுத்தமானிதான். சாட்சி பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம்.

முள் எப்படி நகர்கிறது?

அழுத்தமானியின் பின்புறத்தைத் திறந்து பார்த்தால், கேள்விக்குறி போல் வளைந்த ஒரு பித்தளைக் குழாய் தெரியும். அதன் ஒரு முனை மூடியிருக்கும், மறு முனை பாசனக் குழாயோடு இணைந்திருக்கும். நீர் அழுத்தும்போது இந்த வளைந்த குழாய் கொஞ்சம் நிமிர முயலும். அந்தச் சிறு அசைவை ஒரு பல் சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்புகிறது. பிரெஞ்சு நாட்டுப் பொறியாளர் யூஜீன் போர்டான் 1849-ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் வயலில் இருப்பது அதே அமைப்புதான்.

முள் காட்டும் ஒரு கிலோ என்பது, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் ஒரு கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். 10 மீட்டர் உயரம் நிற்கும் நீர் தன் அடியில் இதே அழுத்தத்தைத் தருகிறது. இந்தக் கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக் கொண்டால் போதும், பின்னால் பயன்படும். சில அழுத்தமானிகளில் 'பார்' என்று அச்சிட்டிருக்கும். ஒரு பாருக்கும் ஒரு கிலோவுக்கும் 2 சதவீதம்தான் வித்தியாசம் என்பதால் வயலில் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளலாம். பவுண்டு அளவு இருந்தால் ஏறத்தாழ 14 பவுண்டு ஒரு கிலோ.

சதவீதம் எதற்குச் சதவீதம்?

அழுத்தமானியின் முகத்தில் கீழ்ப்பக்கம் 1.6 அல்லது 2.5 என்பது போன்ற ஒரு சிறிய எண் அச்சிடப்பட்டிருக்கும். அது துல்லிய வகுப்பு. 1.6 என்றால், கருவி காட்டுவதில் 1.6 சதவீதம் வரை கூடவோ குறையவோ தவறு இருக்கலாம் என்று தயாரிப்பாளர் ஒப்புக் கொள்கிறார். இதுவரை யாருக்கும் குழப்பமில்லை. குழப்பம் அடுத்த கேள்வியில் இருக்கிறது. 1.6 சதவீதம் எதில்?

முள் அப்போது காட்டும் அளவில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கருவியின் முழு அளவில் 1.6 சதவீதம். பூஜ்யம் முதல் 10 கிலோ வரை அளக்கும் கருவியென்றால் 10 கிலோவில் 1.6 சதவீதம், அதாவது 0.16 கிலோ. முள் 9 கிலோவில் நின்றாலும், 1 கிலோவில் நின்றாலும் இந்த 0.16 கிலோ தவறு அப்படியே இருக்கலாம். 9 கிலோவில் அது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. 1 கிலோவில் அதுவே 16 சதவீதம்.

சொட்டுநீர்ப் பாசனம் நடப்பது இந்த 1 கிலோவில்தான். டிரிப்பரில் மணிக்கு 4 லிட்டர் என்று குறிப்பிட்டிருந்தால், சாதாரண டிரிப்பர்களில் அது 1 கிலோ அழுத்தத்துக்கான அளவு. முள் சரியாக 1-இல் நிற்கும்போது உண்மையான அழுத்தம் 0.84 கிலோவாகவும் இருக்கலாம், 1.16 கிலோவாகவும் இருக்கலாம். முதல் நிலையில் டிரிப்பர் மணிக்கு ஏறத்தாழ 3.7 லிட்டர் சொட்டும், இரண்டாவது நிலையில் 4.3 லிட்டர். இது புதிதாக வாங்கிய, பழுதில்லாத, விதிப்படி தயாரான கருவியின் கதை. வெயிலிலும் உப்புக் காற்றிலும் நான்கு வருடம் நின்ற கருவி 0.3 கிலோ தள்ளிக் காட்டுவது வியப்பில்லை. முள் 1 கிலோ காட்ட உள்ளே 0.7 கிலோதான் இருந்தால், ஒவ்வொரு டிரிப்பரும் ஆறில் ஒரு பங்கு நீரைக் குறைத்துத் தருகிறது. அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி நீர் குறைவதால் இந்த அளவோடு நிற்கிறது. இது தலைப்பகுதியின் கணக்கு. கடைமடைக் குழாயில் அழுத்தம் இதைவிடக் குறைவு என்பதால் அங்குள்ள செடிகளின் நிலை இன்னும் மோசம். வயலின் கடைசியில் காய் சிறுத்திருந்தால் விதையையும் உரத்தையும் குறை சொல்வதற்கு முன் முள்ளைச் சந்தேகிக்க வேண்டும்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் 2013-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தைப் பலரும் அறிவார்கள். இத்தகைய நிலையங்களில் கடல்நீரைச் சவ்வின் வழியே பிழிந்தெடுக்க ஏறத்தாழ 60 கிலோ அழுத்தம் வேண்டும். அங்கே 100 கிலோ வரை அளக்கும் கருவியில் ஒரு சதவீதம் தவறு என்றால் 1 கிலோ. 60-இல் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அவர்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. அந்த ஒரு கிலோதான் சொட்டுநீர் விவசாயியின் மொத்த அழுத்தமும். ஒரே துல்லியம் என்று அச்சிட்ட கருவி ஓரிடத்தில் நல்ல கருவியாகவும், மற்றோர் இடத்தில் உபயோகமற்றதாகவும் இருப்பது இப்படித்தான்.

எந்த அளவு வாங்குவது?

10 கிலோ அழுத்தமானியைச் சொட்டுநீர் அமைப்புக்குப் பொருத்துவது தேவையற்ற வழக்கம். கடையில் அதுதான் கிடைக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. வழக்கமாக ஓடும் அழுத்தம் கருவியின் முழு அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையே வர வேண்டும். பம்புக்கு அருகே 2 கிலோ ஓடுகிறது என்றால் 4 கிலோ கருவி பொருத்தம். 1.6 வகுப்பில் அதன் தவறு 0.06 கிலோவைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். வயலில் துணைக் குழாயில் பார்ப்பதற்கு 2.5 கிலோ கருவி போதும். அங்கே தவறு 0.04 கிலோ.

ஒரு எச்சரிக்கை. எல்லா வால்வுகளையும் மூடிய நிலையில் பம்பு ஓடினால் அழுத்தம் வழக்கத்தைவிட மிகவும் உயரும். மூடிய நிலையில் 45 மீட்டர் உயரம் தள்ளக்கூடிய பம்பு 4.5 கிலோ வரை போகும். இப்படி அடிக்கடி நடந்தால் 4 கிலோ கருவியின் வளைகுழாய் நிரந்தரமாக நிமிர்ந்துவிடக்கூடும், முள் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பாமல் போகலாம். ஆகவே பம்பின் பெயர்ப்பலகையில் உள்ள அதிகபட்ச உயரத்தைப் பார்த்து, அதற்கு மேல் தாங்கும் கருவியைத்தான் பம்பு அருகே பொருத்த வேண்டும். அங்கே 6 கிலோ கருவி தேவைப்படலாம். வயலுக்கான 2.5 கிலோ கருவியை நிரந்தரமாகப் பொருத்தாமல், ஒரு சிறு குழாய்த் திறப்பு வைத்து, பார்க்கும்போது மட்டும் மாட்டிப் பார்த்துக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். வெயிலும் உப்புக் காற்றும் படாததால் நீண்ட நாள் உழைக்கும்.

வடிகட்டிக்கு ஒரே கருவி

வடிகட்டியின் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு அழுத்தமானிகள் பொருத்துவது வழக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கூடினால் அழுக்கு சேர்ந்துவிட்டது என்று பொருள். நிறுவனம் குறித்துக் கொடுத்த அளவைத் தாண்டியதும் கழுவ வேண்டும். அந்த அளவு 0.5 கிலோ என்று வைத்துக் கொள்வோம். இரண்டும் 10 கிலோ கருவிகளாக இருந்து, ஒன்று 0.16 கூட்டியும் மற்றொன்று 0.16 குறைத்தும் காட்டினால், வித்தியாசத்தில் மட்டும் 0.32 கிலோ பொய். முள் 0.5 காட்டும்போது உண்மை 0.18 ஆகவும் இருக்கலாம், 0.82 ஆகவும் இருக்கலாம். கழுவ வேண்டாத வடிகட்டியைக் கழுவினால் நீரும் மின்சாரமும்தான் வீண். கழுவ வேண்டியதை விட்டுவிட்டால் தூசியும் பாசியும் டிரிப்பருக்குள் போய்விடும். அதற்குப் பிறகு ஆசிட் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். சில டிரிப்பர்கள் அதற்கும் திறக்காது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு கருவிகளுக்குப் பதிலாக ஒரே கருவியை வைத்து, வடிகட்டியின் இரு பக்கத்திலிருந்தும் சிறு குழாய்களை ஒரு மூவழி வால்வில் சேர்த்து, மாற்றி மாற்றிப் படிக்க வேண்டும். கருவி 0.2 கிலோ கூட்டிக் காட்டும் குணமுடையது என்றால், முன்னால் படிக்கும்போதும் 0.2 கூடும், பின்னால் படிக்கும்போதும் 0.2 கூடும். கழிக்கும்போது அந்தத் தவறு தானே ஒழிந்துவிடும். செலவும் குறைவு. மூவழி வால்வு கிடைக்காத இடத்தில் ஒரே கருவியைக் கழற்றி இரு இடத்திலும் மாட்டிப் பார்ப்பதும் நல்லதே.

தென்னை உயரத்தில் ஒரு சோதனை

சரிபார்ப்பது என்றால் கருவியைத் திருகி மாற்றுவது என்று நினைக்கக் கூடாது. சரியென்று தெரிந்த ஓர் அளவோடு ஒப்பிட்டு, கருவி எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று எழுதி வைப்பதுதான் சரிபார்த்தல். ஆய்வகங்களில், பரப்பு தெரிந்த பிஸ்டன் மேல் எடை தெரிந்த கற்களை அடுக்கி எண்ணெயை அழுத்தி, அந்த அழுத்தத்தோடு கருவியை ஒப்பிடுவார்கள். அந்த ஆய்வகத்தின் அளவுகளும் படிப்படியாகப் புது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அளவுகளோடு ஒப்பிடப்பட்டிருக்கும். விவசாயிக்கு அவ்வளவு தேவையில்லை. 10 மீட்டர் நீர் ஒரு கிலோ என்ற கணக்கு இருக்கும்போது, நீரும் உயரமும் இருந்தால் போதும்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், உள்ளே நீர் தெரியும் பிளாஸ்டிக் குழாய் 12 மீட்டர் நீளம் வாங்கிக் கொள்ள வேண்டும். அதன் அடிமுனையில் ஒரு டீ இணைப்பு வைத்து, ஒரு பக்கம் அழுத்தமானியையும் மறு பக்கம் நீர் நிரப்ப ஒரு சிறு வால்வையும் பொருத்த வேண்டும். அழுத்தமானி வயலில் எப்படி நிமிர்ந்து நிற்கிறதோ அதேபோல் நிற்க வேண்டும், படுக்க வைத்தால் சில கருவிகளில் முள் மாறும். குழாயின் மேல் முனையைத் தென்னை மரத்திலோ, உயரமான மாடியிலோ கட்டித் தொங்கவிட வேண்டும். மின்கம்பி அருகே உள்ள மரத்தை எக்காரணம் கொண்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. மரம் ஏறத் தெரிந்தவரைக் கொண்டு ஒரு கயிற்றை மட்டும் மேலே மாட்டிக் கொண்டால், பிறகு தரையிலிருந்தே குழாயை இழுத்து உயர்த்திவிடலாம்.

அழுத்தமானியின் நடுப்புள்ளியிலிருந்து மேல்நோக்கி நாடாவால் அளந்து, குழாயில் 2.5, 5, 7.5, 10 மீட்டர் உயரங்களில் அடையாளம் கட்ட வேண்டும். குழாய் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும், தடித்தது மெலிந்தது என்றாலும் கவலையில்லை. நேர் உயரம் மட்டுமே கணக்கு. அதனால் அடையாளத்தைக் குழாயின் நீளத்தில் அளக்காமல் செங்குத்தாக அளக்க வேண்டும். நீரை அடியிலிருந்து மெதுவாக ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்றுக் குமிழிகள் தங்கும். நீர்ப்பத்தியின் நடுவே ஒரு சாண் நீளம் காற்று நின்றால், அந்த ஒரு சாண் நீர் கணக்கில் குறையும். அழுத்தமானியின் உள்ளே இருக்கும் காற்று பரவாயில்லை, அது அழுத்தத்தை அப்படியே கடத்திவிடும்.

உப்பு நீர் வேண்டாம். கடல்நீர் நல்ல நீரைவிட 2.5 சதவீதம் கனமானது. சற்றே உப்புக் கரிக்கும் கிணற்று நீரால் வரும் வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் குறைவு என்பதால் அதனால் கெடுதல் இல்லை. உயரத்தை அளப்பதில் பத்து சென்டிமீட்டர் தவறினாலும் 0.01 கிலோதான் தவறு. ஆகவே இந்தத் தென்னை மரச் சோதனை, கடையில் வாங்கும் அழுத்தமானியைவிடப் பல மடங்கு நம்பத்தக்கது. சோதிக்கும் அளவு, சோதிக்கப்படும் கருவியைவிட மூன்று நான்கு மடங்காவது துல்லியமாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. அந்த விதி இங்கே தாராளமாக நிறைவேறுகிறது.

முதலில் நீர் இல்லாமல் முள்ளைப் பார்த்து எழுத வேண்டும். பிறகு ஒவ்வோர் அடையாளத்துக்கும் நீரை ஏற்றி, கண்ணாடியை விரலால் லேசாகத் தட்டி, முள் அமர்ந்தபின் படிக்க வேண்டும். 10 மீட்டர் போனதும், நீரை இறக்கிக் கொண்டே அதே இடங்களில் மறுபடியும் படிக்க வேண்டும். முள்ளுக்கு நேர் எதிரே கண்ணை வைக்காமல் பக்கவாட்டில் பார்த்தால் படிப்பதிலேயே தவறு வரும்.

எழுதியதை எப்படிப் புரிந்து கொள்வது? பூஜ்யத்தில் 0.1, 5 மீட்டரில் 0.6, 10 மீட்டரில் 1.1 என்று வந்தால், முள் எல்லா இடத்திலும் 0.1 கூட்டிக் காட்டுகிறது. கருவியை எறிய வேண்டாம். 'காட்டுவதில் 0.1 கழிக்க' என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டால் போதும். பூஜ்யத்தில் சரியாக நின்று, 5 மீட்டரில் 0.55, 10 மீட்டரில் 1.1 என்று வந்தால் பத்தில் ஒரு பங்கு மிகைப்படுத்துகிறது. இதையும் சீட்டு எழுதிச் சமாளிக்கலாம். ஆனால் ஏறும்போது 5 மீட்டரில் 0.45-உம் இறங்கும்போது 0.6-உம் காட்டினாலோ, இரண்டாம் முறை செய்யும்போது வேறு எண் வந்தாலோ, தட்டும்போதெல்லாம் முள் துள்ளினாலோ, அந்தக் கருவிக்கு எந்தச் சீட்டும் உதவாது. பல் சக்கரம் தேய்ந்திருக்கும், அல்லது வளைகுழாய் தளர்ந்திருக்கும். எப்போதும் ஒரே அளவு தவறு செய்கிறவனோடு கணக்கு வைத்துக் கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஒரு பேச்சு பேசுகிறவனோடு முடியாது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. சில கருவிகளில் முள் பூஜ்யத்துக்குக் கீழே போகாதபடி ஒரு சிறு ஆணி தடுத்துக் கொண்டிருக்கும். குறைத்துக் காட்டும் கருவி கூட, அழுத்தம் இல்லாதபோது அந்த ஆணியில் சாய்ந்து சரியாக இருப்பதுபோல் நடிக்கும். பூஜ்யத்தில் நிற்கிறதே என்று ஏமாறக் கூடாது. 2.5 மீட்டரில் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதற்கெல்லாம் அவகாசம் இல்லாதவர்கள், பம்புக்கு அருகிலுள்ள பத்து டிரிப்பர்களின் அடியில் டம்ளர் வைத்து ஆறு நிமிடம் பிடித்துப் பார்க்கலாம். அடைப்பில்லாத 4 லிட்டர் டிரிப்பர் ஆறு நிமிடத்தில் 400 மில்லி தர வேண்டும். பத்திலும் சராசரி 330 மில்லிதான் என்றால் அழுத்தம் 0.7 கிலோ அளவில்தான் இருக்கிறது, முள் என்ன சொன்னாலும் சரி. அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு சொட்டும்படி உள்ளே ரப்பர்த் தகடு வைத்த டிரிப்பர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

மின்னணுக் கருவிகள்

இப்போது தானியங்கிச் சொட்டுநீர் அமைப்புகளில் முள்ளுக்குப் பதிலாக மின்னணு அழுத்த உணரிகள் வந்திருக்கின்றன. கடைக்காரர்கள் சென்சார் என்பார்கள். இவற்றில் பல, அழுத்தத்துக்கு ஏற்ப 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம் அனுப்பும். பூஜ்யத்துக்கு 4, முழு அளவுக்கு 20. கம்பி அறுந்தால் பூஜ்யம் ஆகிவிடுவதால், அழுத்தம் இல்லாததையும் கம்பி அறுந்ததையும் பிரித்தறியலாம். 10 கிலோ உணரி 1 கிலோவில் 5.6 மில்லி ஆம்பியர் தர வேண்டும். எலெக்ட்ரீஷியனின் மீட்டரை வைத்துக் கொண்டு, அதே தென்னை மரச் சோதனையை இதற்கும் செய்யலாம்.

இங்கும் 0.5 சதவீதம் என்பது முழு அளவில்தான். திரையில் 1.03 என்று இரண்டு தசம எண்கள் தெரிவதைத் துல்லியம் என்று எண்ணிவிடக் கூடாது. 10 கிலோ உணரியில் 0.5 சதவீதம் என்றால் 0.05 கிலோ தவறு இருக்கலாம், கடைசி எண்ணான 3 வெறும் அலங்காரமே. விவரத் தாளில் வெப்பத்துக்கென்று தனி வரி ஒன்று இருக்கும். ஒரு டிகிரிக்கு 0.02 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால், தகரக் கொட்டகையில் வெப்பம் 20 டிகிரி கூடும்போது 0.4 சதவீதம் சேரும். முதலில் சொன்ன துல்லியத்தில் பெரும்பாலும் இது அடங்காது. வருடத்துக்கு எவ்வளவு விலகும் என்பது இன்னொரு வரி. மூன்றையும் கூட்டிப் பார்த்தே விலை பேச வேண்டும்.

கடற்கரைக் கிணற்றில் ஒரு சென்டிமீட்டர்

மாமல்லபுரம் கடற்கரையில் இந்த உணரிகளுக்குச் சொட்டுநீரைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. நிலத்தடி நீர்மட்டத்தைக் கண்காணிக்கும் கிணறுகளில், நீருக்கு அடியில் அழுத்த உணரியை இறக்கி, அதன் மேல் எவ்வளவு உயரம் நீர் நிற்கிறது என்று தானே பதிவு செய்ய வைக்கிறார்கள். 1995-இல் தொடங்கிய ஹைட்ராலஜி திட்டத்தின் கீழ் இத்தகைய பதிவுக் கருவிகள் வந்தன. 2016-இல் தொடங்கிய தேசிய நீரியல் திட்டத்தில் இன்னும் பரவின. தென்னை மரத்தில் உயரத்திலிருந்து அழுத்தத்தைக் கண்டோம். கிணற்றில் அழுத்தத்திலிருந்து உயரத்தைக் காண்கிறார்கள்.

கடற்கரையில் நல்ல நீர், கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீர் 2.5 சதவீதம் கனம் என்பதால், கடல்மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல நீர் இருக்கும் என்பது கணக்கு. நெதர்லாந்தைச் சேர்ந்த கைபன் என்பவரும், ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பெர்க் என்பவரும் நூறாண்டுகளுக்கு முன்பே தனித்தனியாக இதைக் கண்டார்கள். இதன் மறுபக்கம்தான் ஆபத்து. மேலே ஓர் அடி இறங்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு நீர் 40 அடி ஏறி வரும். ஆகவே இங்கே நீர்மட்டத்தை அளப்பதில் ஒரு சென்டிமீட்டர் தவறு, நல்ல நீரின் ஆழக் கணக்கில் 40 சென்டிமீட்டர் தவறாகிறது. 50 மீட்டர் வரை அளக்கும் உணரியில் 0.1 சதவீதம் என்றால் 5 சென்டிமீட்டர், அதாவது 2 மீட்டர் ஆழத்துக்கு நல்ல நீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. 10 மீட்டர் உணரியென்றால் தவறு 1 சென்டிமீட்டர் மட்டுமே. கடற்கரையில் கிணறுகள் ஆழமில்லாதவை என்பதால் சிறிய அளவு உணரியே போதுமானது.

காற்றின் எடையையும் மறக்கக் கூடாது. நம் தலைக்கு மேல் உள்ள காற்று, ஏறத்தாழ 10 மீட்டர் நீருக்குச் சமமான அழுத்தம் தருகிறது. சாதாரண அழுத்தமானி இதைக் கழித்துவிட்டே பூஜ்யம் காட்டுகிறது. சில கிணற்று உணரிகள் காற்றையும் சேர்த்து அளப்பவை. காற்றழுத்தம் 10 மில்லிபார் குறைந்தால், கிணற்றில் நீர் 10 சென்டிமீட்டர் இறங்கியதுபோல் அவை பொய் சொல்லும். 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. அதுபோன்ற இரவுகளில் மழை கொட்டி நீர் ஏறிக் கொண்டிருக்க, கருவி அந்த ஏற்றத்தைக் குறைத்தே காட்டும். புயல் இல்லாத நாளிலும் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே காற்றழுத்தம் 3 மில்லிபார் அளவுக்கு மாறும். அதனால்தான் இத்தகைய கருவியோடு காற்றழுத்தத்தைத் தனியே பதியும் இன்னொரு கருவியையும் வைக்கிறார்கள், அல்லது கேபிளுக்குள் காற்று போக மெல்லிய குழல் உள்ள உணரியை வாங்குகிறார்கள். குழலுக்குள் ஈரம் புகுந்து அடைத்தால் அதுவும் கெட்டுவிடும்.

எந்த வகை உணரியானாலும், கருவி சரியா என்று அறியக் கையால் அளந்து ஒப்பிட வேண்டும். இதை விவசாயிகள் தங்கள் கிணற்றிலேயே செய்யலாம், உணரி எதுவும் தேவையில்லை. எஃகு நாடாவின் கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்கட்டி தடவி, கிணற்றின் கைப்பிடிச் சுவரில் வெட்டிய ஒரே அடையாளத்திலிருந்து இறக்க வேண்டும். அடையாளத்துக்கு நேரே நாடா காட்டும் எண்ணிலிருந்து, சாக்கட்டி நனைந்த இடத்தின் எண்ணைக் கழித்தால் நீர்மட்டத்தின் ஆழம் கிடைக்கும். சென்டிமீட்டருக்கும் குறைவான தவறோடு அளக்க இதைவிட மலிவான கருவி இல்லை. மோட்டார் இரவு முழுவதும் ஓடாதிருந்த பிறகு, விடியற்காலையில், வாரம் ஒருமுறை அளந்து நோட்டில் குறிக்க வேண்டும். அதே நாளில் ஒரு பாட்டில் நீர் எடுத்து உப்பின் அளவையும் மண் பரிசோதனை நிலையத்தில் மாதம் ஒருமுறை பார்த்து அருகிலேயே எழுதி வைக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் நீர்மட்டம் வாரத்துக்கு வாரம் இறங்கி, உப்பும் ஏறத் தொடங்கினால், மோட்டார் ஓட்டும் நேரத்தை ஒரே மூச்சாக வைக்காமல் காலை, மாலை என்று பிரித்துக் குறைக்க வேண்டும்.